ஆயுள் சொல்லும் ஐந்து புரதங்கள்: ஓர் எதிர்வினை

சென்ற இதழில் இரைப்பைப் புற்றுநோயைப் பற்றி வந்த நீண்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, எங்கள் ஊர்க் கோட்டையின் பெயர் அதில் அடிபட்டதால். இரண்டாம் முறை, இவ்வளவு படித்த ஒருவர் இவ்வளவு பெரிய ஓட்டையை விட்டிருக்கமாட்டார், நான்தான் எதையோ தவறவிட்டிருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தால். நல்லெண்ணம் வீண்போயிற்று. ஓட்டை இருந்தது, ஒன்றல்ல.

படிக்காதவர்களுக்காகச் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். இரைப்பைப் புற்று வந்தவரின் இரத்தத்தில் ஐந்து புரதங்களின் அளவைப் பார்த்தால் அவர் இன்னும் எவ்வளவு காலம் இருப்பார் என்பது தெரிந்துவிடும். அதுவும் 'தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் துல்லியமாக'. ஆகவே இந்தச் சோதனையை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உடனே சேர்க்க வேண்டும். ஐயம் எழுப்புகிறவர்கள் வயிற்றுப்புண்ணுக்குக் கிருமியே காரணம் என்ற பாரி மார்ஷலைப் பார்த்து அன்று சிரித்த பழமைவாதிகளின் வாரிசுகள். செஞ்சியில் உட்கார்ந்து சுற்றுவட்டார மருத்துவர்கள் அனுப்பும் வயிற்றுச் சதைத் துணுக்குகளை முப்பது ஆண்டுகளாக மைக்ராஸ்கோப்பில் பார்த்துவருகிறவன் என்ற முறையில், வாரிசுச் சான்றிதழை நன்றியோடு பெற்றுக்கொண்டு பதில் சொல்கிறேன்.

கோட்டையிலிருந்தே தொடங்கலாம், அவர் அங்கிருந்துதான் தொடங்குகிறார். 2025 ஜூலையில் மராட்டியர் வரலாற்றோடு தொடர்புள்ள பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாகச் செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து, உவமைக்குப் பஞ்சப்பட்ட எல்லாரும் எங்கள் மலைமேல் ஏறிவிடுகிறார்கள். ஏறட்டும், நுழைவுச்சீட்டு வாங்கினால் சரி. முன்னெச்சரிக்கை இல்லாததால்தான் செஞ்சி வீழ்ந்தது, இரத்தப் புரதங்கள்தாம் உடம்பென்னும் கோட்டையின் ராஜகிரி மலையுச்சியில் நின்று குரல்கொடுக்கும் காவலன் என்கிறார். எந்தச் செஞ்சியைச் சொல்கிறார்? ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690இல் முற்றுகையிட்டு 1698இல் பிடித்தானே, அந்தச் செஞ்சியையா? ஏழெட்டு வருஷம் வாசலில் கூடாரமடித்து உட்கார்ந்திருந்தவனைப் பற்றி உள்ளே இருந்தவர்களுக்கு யார் வந்து எச்சரிக்கை செய்ய வேண்டியிருந்தது? கோட்டை விழுந்தபோது மராட்டிய அரசர் இராஜாராம் உள்ளே இல்லவே இல்லை. நிலைமையைப் புரிந்துகொண்டு முன்பே வெளியேறிவிட்டார். 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான் படையோடு வருவது தேசிங்குக்குத் தெரியாதா? தெரிந்துதான் குதிரை ஏறினான், என்ன ஆயிற்று என்று இன்றும் கதைப்பாட்டில் பாடுகிறார்கள். 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தபோது, அவர்களிடம் அதற்குமுன் தோற்று ஓடிவந்த, நவாபுப் பட்டத்துக்குப் போட்டியிட்ட முகமது அலியின் படைதான் செஞ்சியில் அடைக்கலம் புகுந்திருந்தது; அதைவிட உரத்த எச்சரிக்கை ஏது? மூன்று முறையும் எங்கள் கோட்டைக்குக் குறைவாக இருந்தது தகவல் அல்ல. தகவல் தெரிந்த பிறகு செய்வதற்கு ஒரு வழி. தன் வாதத்துக்கு அவர் தேடிப்பிடித்த உவமையே அவர் வாதத்தைக் கவிழ்க்கிறது என்பதை, மலையடிவாரத்தில் இளநீர் விற்கிறவரிடம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்.

அதே சறுக்கல் குறளிலும். மருத்துவம் பற்றி எழுத உட்காரும் தமிழர் எல்லாரும் 'மருந்து' அதிகாரத்தின் எட்டாவது குறளைத் தொட்டுக்கொள்வது மரபு. கட்டுரையாளரும் அதை நெற்றியில் இட்டுக்கொண்டுதான் தொடங்குகிறார். ஆனால் அந்தக் குறள் நோயை அறிவதோடு நிற்கிறதா? நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியைத் தேடி, பொருந்தும்படி செய்வதில் அல்லவா அது முடிகிறது? நான்கு படி உள்ள ஏணியில் இரண்டாவது படியில் உட்கார்ந்துகொண்டு மாடியில் இருப்பதாகக் கடிதம் எழுதுகிறார் நம் கட்டுரையாளர்.

இந்த ஏணிக் கணக்கு வெறும் சொல்விளையாட்டு அல்ல, துறையின் அடிப்படை இலக்கணம். ஒரு புரதத்தைப் பார்த்து மூன்று வெவ்வேறு கேள்விகளைக் கேட்கலாம். இந்த ஆளுக்குப் புற்று இருக்கிறதா என்பது ஒன்று. புற்று உள்ளவருக்கு நோய் எப்படிப் போகும் என்பது இன்னொன்று. இந்த மருந்தைக் கொடுத்தால் இவருக்குப் பலிக்குமா என்பது மூன்றாவது. முதலாவது கண்டறிதல், இரண்டாவது முன்கணிப்பு, மூன்றாவது மருந்தின் பயனைக் கணிப்பது. மூன்றுக்கும் ஆதாரம் வேறு, ஆய்வு முறை வேறு, நோயாளிக்குக் கிடைப்பதும் வேறு. கட்டுரையாளர் இரண்டாவதற்கான ஆதாரத்தைக் காட்டி, மூன்றாவதைச் சாதித்ததாகப் பேசி, கடைசிப் பத்தியில் 'நாற்பது வயதைக் கடந்த எல்லாருக்கும்' என்று முதலாவதற்குப் பரிந்துரை எழுதுகிறார். ரேஷன் கார்டைக் காட்டி பாஸ்போர்ட் கேட்டு, அதை வைத்து ஓட்டுநர் உரிமம் வாங்கப் பார்ப்பது மாதிரி. இது அறியாமையா, சாமர்த்தியமா? அறியாமை என்றே வைத்துக்கொள்கிறேன். அதுதான் அவருக்கு மரியாதையான விளக்கம்.

'எல்லாருக்கும்' என்ற சொல்லுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு லட்சம் பேரில் பத்துப் பேருக்கு இரைப்பைப் புற்று இருப்பதாகத் தாராளமாக வைத்துக்கொள்வோம். சோதனை, நோய் உள்ளவரில் நூற்றுக்கு 95 பேரைப் பிடிக்கும், நோய் இல்லாதவரில் நூற்றுக்கு 95 பேரை விட்டுவிடும் என்று இன்னும் தாராளமாக வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்? புற்று உள்ள ஒன்பது பத்துப் பேர் அகப்படுவார்கள். அவர்களோடு, புற்றே இல்லாத ஐயாயிரம் பேரும் அகப்படுவார்கள். அந்த ஐயாயிரம் பேரை யார் எண்டோஸ்கோப்பி செய்வது, எங்கே, எத்தனை மாதத்தில்? அதுவரை அவர்கள் வீட்டில் யார் தூங்குவார்கள்? 'தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் துல்லியம்' என்று எழுதும்போது எதன் துல்லியம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்தக் கணக்கை நான் போட வேண்டியிருந்திருக்காது. அந்த வரியைச் சேர்த்தால் கட்டுரையே எழுத வேண்டியிருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

இனி அந்த ஐந்து பெயர்களுக்கு வருவோம். பட்டியலில் சி.ஏ. 19-9 இருக்கிறது. ஐயா, அது புரதம் அல்ல. அது ஒரு சர்க்கரைச் சங்கிலி. லூயிஸ் என்ற இரத்தப் பிரிவோடு தொடர்புடையது, கொழுப்பிலும் புரதத்திலும் தொற்றிக்கொண்டு திரிவது. லூயிஸ் வகை இல்லாமல் பிறந்தவர்களின் உடம்பு அதைத் தயாரிப்பதே இல்லை. வயிறு முழுக்கப் புற்று பரவியிருந்தாலும் அவர்களுக்கு எண் குறைவாகவே வரும், உங்கள் ஐந்து புரதச் சூத்திரம் அவர்களுக்கு நீண்ட ஆயுளை வாழ்த்தி அனுப்பும். புரதங்களைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுகிறவர் ஐந்து பெயர் கொடுத்து, அதில் ஒன்று புரதமே இல்லை என்றால், வாசகர் மற்ற நான்கையும் எவ்வளவு நம்பலாம்? இன்னொன்று சி.இ.ஏ. 1965இல் கோல்டும் ஃப்ரீட்மேனும் பெருங்குடல் புற்றில் கண்டுபிடித்தபோது அது புற்றுக்கே உரிய அடையாளம் என்றுதான் உலகம் கொண்டாடியது. பிறகு பார்த்தால் புகைபிடிப்பவர்களுக்கும் அது ஏறுகிறது. பீடி கையில் இல்லாத ஆண்களை எங்கள் பக்கத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் களத்தில் தேடிப்பார்த்துவிட்டு அந்த அளவுகோலை இங்கே நட்டால் நல்லது. மற்ற மூன்றைப் பற்றித் தனித்தனியாகப் பேசப் போவதில்லை. அவை எப்படிப் பட்டியலுக்குள் வந்தன என்பதுதான் சுவாரசியம்.

வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் நாடி ஜோதிடம் பார்த்தவர்களுக்கு அந்த வழிமுறை உடனே புரியும். கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஒரு கட்டுச் சுவடியோடு வருவார். "அப்பா பேர் 'ரா'வில் ஆரம்பிக்குமா?" இல்லை. அந்த ஓலையைத் தள்ளுவார். "கூடப் பிறந்தவங்க மூணு பேரா?" இல்லை. அதையும் தள்ளுவார். இப்படி நாற்பது ஓலை தள்ளியபின் நாற்பத்தொன்றாவது ஓலை பொருந்தும், வந்தவர் கண்கலங்கிவிடுவார். தள்ளிய நாற்பதை அவர் நினைத்துப்பார்ப்பதில்லை. பொருந்திய ஒன்றை ஊரெல்லாம் சொல்வார். ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே சமயத்தில் அளக்கும் கருவியின் முன்னால் எண்பது நூறு நோயாளிகளின் இரத்தத்தை வைத்து, யார் எப்போது இறந்தார்கள் என்பது ஏற்கெனவே தெரிந்த நிலையில், எந்தப் புரதம் பொருந்துகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பது இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது? குருட்டுவாக்கில் ஆயிரம் புரதத்தைச் சோதித்தாலே, இருபதில் ஒன்று என்ற வழக்கமான எல்லையில், ஐம்பது 'பொருந்தும்'. அதில் ஐந்தைப் பொறுக்குவதா கஷ்டம்?

அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஒரு புரதம் 'அதிகம்' என்று எந்த அளவுக்கு மேல் சொல்வது? கட்டுரையாளர் மெச்சும் ஆய்வு, நோயாளிகளைப் பிரிப்பதற்கு 'மிகச் சிறந்த வெட்டுப்புள்ளி'யைத் தேர்ந்தெடுத்ததாகப் பெருமையோடு எழுதுகிறார். அதாவது எங்கே கோடு போட்டால் இருந்தவர்களும் இறந்தவர்களும் நன்றாகப் பிரிகிறார்களோ அங்கே கோடு. அம்பை எய்துவிட்டு அது தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைகிற வில்லாளியை நாம் அர்ச்சுனன் என்றா கூப்பிடுவோம்? இது என் குசும்பு அல்ல. டக்ளஸ் ஆல்ட்மனும் அவரது சகாக்களும் 1994இலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்: இப்படி வெட்டுப்புள்ளி தேடினால், நூற்றுக்கு ஐந்து என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பொய்ப்பொருத்தம் நாற்பது வரை போகும். அதே ஆல்ட்மன் உள்ளிட்டவர்கள் 2005இல் 'ரிமார்க்' என்ற நெறிமுறையைத் தந்தார்கள்: எத்தனை பேரை ஏன் சேர்த்தீர்கள், எத்தனை பேரை விட்டீர்கள், கோட்டை முன்பே போட்டீர்களா பின்பு போட்டீர்களா, எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று. கைசாஸும் இயோனிடிஸும் 2007இல் புற்றுநோய் முன்கணிப்புக் கட்டுரைகளை நூற்றுக்கணக்கில் அள்ளிப் பார்த்தபோது அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் 'வெற்றி' என்றே அறிவித்திருந்தன. எல்லாப் பிள்ளைகளும் முதல் மதிப்பெண் வாங்கும் பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளையைச் சேர்ப்பீர்களா, வினாத்தாள் எப்படி வெளியே போகிறது என்று விசாரிப்பீர்களா?

இந்தக் கதைக்கு ஒரு பெரிய அண்ணன் உண்டு, கட்டுரையாளர் அவரை வீட்டுக்கே அழைக்கவில்லை. 2002இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை: இரத்தத்திலுள்ள புரதங்களின் கோலத்தை வைத்துச் சினைப்பைப் புற்றை நூற்றுக்கு நூறு பிடிக்கலாம், தவறு நூற்றுக்கு ஐந்துதான். அமெரிக்கா கொண்டாடியது, சோதனைக்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது. கீத் பேகர்லியும் கெவின் கூம்ஸும் அதே தரவுகளை வாங்கி உட்கார்ந்து பார்த்தார்கள். கருவியின் வெறும் இரைச்சல் இருக்கும் பகுதியை வைத்தே, புரதத்தைத் தொடாமலே, புற்று உள்ளவரையும் இல்லாதவரையும் பிரிக்க முடிந்தது. அதாவது கருவி படித்தது நோயை அல்ல, இரத்த மாதிரிகளைக் கையாண்ட விதத்தை. அந்தச் சோதனை சந்தைக்கு வரவேயில்லை.

"பெரும் புள்ளிவிவரத் தகராறு எல்லாம் இருக்கட்டும், கெட்ட சகுனம் சொல்லும் புரதத்தைக் கண்டுபிடித்தாலே போதும், அதை அடக்கினால் நோய் அடங்கும்" என்பது கட்டுரையின் நடுவில் வரும் நம்பிக்கை. கேட்க நன்றாக இருக்கிறது. இரைப்பைப் புற்றில் இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள் என்பதுதான் சோகம். 'மெட்' என்ற புரதம் அதிகமிருந்தால் நோயாளி சீக்கிரம் இறக்கிறார் என்று கட்டுரைகள் குவிந்தன. அந்தப் பாதையை அடைக்க ரிலோடுமுமாப் என்ற மருந்தை, மெட் உள்ள 609 பேரில் சோதித்தார்கள். மருந்து பெற்ற தரப்பில் மரணம் கூடுதலாக இருந்ததால் 2014இல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று: மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 8.8 மாதம், பெறாதவர்களுக்கு 10.7. ஈ.ஜி.எஃப்.ஆர். இன்னொரு பிரபலமான கெட்ட சகுனம். 2013இல் வெளிவந்த ரியல்-3 ஆய்வில் அதை அடக்கும் பானிடுமுமாபைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தார்கள், 11.3 மாதம் 8.8 ஆயிற்று. (அந்தத் தரப்பில் கீமோவின் அளவையும் குறைத்திருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், எதிராளி மறைப்பதை எல்லாம் நானும் மறைக்க வேண்டும் என்பதில்லை.) ராமுசிருமாப் இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து, கொஞ்சம் பலிக்கிறது, ஆனால் யாருக்குப் பலிக்கும் என்று சொல்ல இன்றுவரை ஒரு புரதமும் அகப்படவில்லை. கட்டுரைகளில் கெட்டவனாக இருந்தவனைக் கட்டிப்போட்டால் நோயாளி இறக்கிறார், பலிக்கும் மருந்துக்கோ அடையாளப் புரதமே இல்லை. காகம் உட்கார்ந்ததையும் பனம்பழம் விழுந்ததையும் சேர்த்துப் பார்த்தவன் காகத்தைச் சுட்டால் பழம் விழாமல் நின்றுவிடுமா?

இதற்கெல்லாம் மேலே ஒரு விசித்திரம். செல்லின் மரபெழுத்துப் பிழையைத் திருத்தும் எம்.எல்.ஹெச்.1, எம்.எஸ்.ஹெச்.2, எம்.எஸ்.ஹெச்.6, பி.எம்.எஸ்.2 என்ற நான்கு புரதங்களில் ஏதேனும் ஒன்று இல்லாத இரைப்பைப் புற்றுகள் உண்டு. மேஜிக் என்ற பிரிட்டன் ஆய்வின் சதைத்துணுக்குகளை 2017இல் மறுபடி பார்த்தபோது, அறுவைசிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு இந்தக் குறை நல்ல சகுனமாகவும், கீமோவும் சேர்ந்து பெற்றவர்களுக்கு அதே குறை கெட்ட சகுனமாகவும் இருந்தது. எண்ணிக்கை சிறியதுதான், அடித்துப் பேச மாட்டேன். ஆனாலும், என்ன சிகிச்சை என்பதைப் பொறுத்து ஒரே குறி எதிரெதிரான ஆரூடம் சொல்லும் என்றால், சிகிச்சையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் 'ஆயுள்' என்று தனியே ஒரு எண்ணை எழுதிக் கொடுக்கும் உங்கள் அட்டைக்கு என்ன பொருள்? மேலும் அந்தக் குறை உள்ளவர்களுக்கு இன்று நோயெதிர்ப்பு மருந்துகள் நன்றாகப் பலிக்கின்றன. நேற்று கெட்ட சகுனம், இன்று நல்ல வாய்ப்பு. புரதம் மாறவில்லை; செய்வதற்கு ஒரு வழி வந்தது.

புரதங்களுக்கே நான் எதிரி என்று இதற்குள் யாராவது நினைத்திருந்தால், ஹெர்-2 என்ற புரதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2010இல் 'லான்செட்'டில் வெளிவந்த டோகா ஆய்வில் 3,665 பேரின் புற்றுத்திசுவைச் சோதித்ததில் 22 சதவீதத்தினருக்கு ஹெர்-2 இருந்தது. அவர்களில் கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 11.1 மாதம், அந்தப் புரதத்தை அடக்கும் டிராஸ்டுசுமாபும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 13.8; புரதம் வலுவாக இருந்தவர்களில் 11.8க்கு 16. சில மாதம்தான். ஆனால் மகள் கல்யாணத்தைப் பார்க்கப் போதுமான சில மாதம், முன்கூட்டியே கோடு போட்டு, சீட்டுக் குலுக்கிப் பிரித்து, நிரூபித்த சில மாதம். கவனியுங்கள்: ஹெர்-2 உள்ளவருக்கு ஆயுள் கூடுதலா குறைவா என்பதில் துறைக்குள் இன்றும் சண்டை, ஆரூடக்காரனாக ஹெர்-2 படு மோசம். ஆனாலும் அதைச் சோதிக்காமல் விட்டால் நான் குற்றவாளி. ஏன்? அதன் கையில் ஒரு மருந்து இருக்கிறது. அண்மையில் வந்த கிளாடின் 18.2-ம் அப்படித்தான், சோல்பெட்டுக்சிமாப் என்ற மருந்து இருப்பதால்தான் அந்தப் பெயரை நாம் மனப்பாடம் செய்கிறோம். கட்டுரையாளரின் பத்துப் பக்கத்தில் ஹெர்-2வுக்குக் கிடைத்த இடம் அரை வரி. 'பழைய குறிப்பான்' என்று அதற்கு அடைமொழி வேறு.

அந்தப் 'பழைய' குறிப்பானைக்கூட ஒழுங்காகப் பார்ப்பது எங்கள் பக்கம் எவ்வளவு பாடு என்று அவருக்குக் காட்ட ஆசை. ஒரு தடவை மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குப்பி வந்தது. ஊசிமருந்து தீர்ந்த பழைய கண்ணாடிக் குப்பி, மேலே பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் பெயர், உள்ளே குண்டூசித் தலை அளவில் மூன்று துணுக்கு. மூக்கருகே கொண்டுபோனதும் கண்ணில் தண்ணீர். ஃபார்மலினைக் கலக்காமல் அப்படியே ஊற்றியிருக்கிறார்கள். எடுத்தது என்றைக்கு என்று கேட்டேன். கொண்டுவந்த பையன் சொன்னான்: "வெள்ளிக்கிழம எடுத்தாங்க சார். மறுநாள் அமாவாச, அங்காளம்மன் ஊஞ்சலுக்கு வந்த கூட்டத்துல பஸ்சுல ஏறவே முடியல. ஞாயித்துக்கிழம நீங்க இருக்க மாட்டீங்கன்னு சொன்னாங்க." திங்கட்கிழமை மதியம் என் கைக்கு வந்த துணுக்கு, ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமலும் பத்து சதவீத ஃபார்மலினில் இருந்திருக்க வேண்டியது. மெழுகில் பதித்து, புற்று என்று உறுதிசெய்து, பிளாக்கைச் சென்னைக்கு அனுப்பினேன். ஹெர்-2 சாயத்தில் 1+ என்று வந்தது, அதாவது இல்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. இரைப்பைப் புற்றில் இந்தப் புரதம் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், ஓர் ஓரத்தில் இருக்கும், பக்கத்தில் இருக்காது. ஆறு முதல் எட்டுத் துணுக்காவது வேண்டும் என்று சொல்வது அதனால்தான். மறுபடி எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். இந்த முறை எட்டுத் துணுக்கு, சரியான ஃபார்மலின், அன்றைக்கே வந்து சேர்ந்தது. செல்லின் ஓரத்தைச் சுற்றிப் பழுப்புச் சாயம், சில இடங்களில் ப வடிவில் மேல்பக்கம் மட்டும் திறந்து, கோலம் போட்ட மாதிரி. 3+. மல்லாட்டை போடும் அந்த மனிதருக்கு ஒரு மருந்து உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் இருந்தவை ஒரு குப்பி, ஓர் அமாவாசை, ஐந்து துணுக்கு. நூறு ஆயிரம் புரதங்களை ஒரே மூச்சில் அளக்கும் கருவியைப் பற்றிக் கனவு காண்கிறவர், ஒரே ஒரு புரதத்தின் கதியை முதலில் பார்க்கட்டும்.

பாரி மார்ஷலுக்கு வருகிறேன், வேறு வழியில்லை, இந்த மாதிரிக் கட்டுரைகளில் அவர் கட்டாயம் வருவார். ஹெலிகோபேக்டர் கிருமியை 1984இல் அவர் தானே குடித்துக் காட்டியதும், ராபின் வாரனோடு 2005இல் நோபல் பெற்றதும் உண்மை. அவரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் சிரிக்கப்பட்டவர் எல்லாரும் மார்ஷல் ஆகிவிட்டால், வடிவேலுவுக்குத்தான் முதல் நோபல் கொடுத்திருக்க வேண்டும். மார்ஷல் என்ன செய்தார்? கிருமி இருந்தால் ஆயுள் இவ்வளவு என்று அட்டை அச்சடித்தாரா? கிருமியைக் கொன்றால் புண் ஆறும் என்று காட்டினார். அவரை உங்கள் பக்கம் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் என் பக்கம் வந்து நிற்கிறார். கோட்டையைப் போல, குறளைப் போல. மேற்கோள் காட்டும் சாட்சி எல்லாம் எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொன்னால், வக்கீல் தன் வழக்கையே படிக்கவில்லை என்றுதானே நீதிபதி நினைப்பார்?

'நம் மண்ணுக்கேற்ற அறிவியல்' என்று ஒரு பத்தி முழங்குகிறது. அந்த மண்ணுக்கேற்ற அறிவியலுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் இரத்தம் முழுக்கக் கிழக்காசிய நோயாளிகளுடையது. அங்கே பலருக்கு எண்டோஸ்கோப்பி மூலம் நோய் ஆரம்பத்திலேயே பிடிபடுகிறது, இங்கே பெரும்பாலோர் முற்றிய பிறகு வருகிறார்கள். ஆரம்ப நிலையில் அறுத்தெடுத்தவர்களில் ஜப்பானில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்தாண்டைத் தாண்டுகிறார்கள். பரவிவிட்டால் ஓராண்டு என்பதே பெரிய விஷயம். இந்த வித்தியாசத்தைத் தாண்டி உங்கள் ஐந்து புரதம் எவ்வளவு கூடுதலாகச் சொல்லிவிடும்? சென்னையில் 1982 முதல் அடையாறு புற்றுநோய் நிறுவனம் வைத்திருக்கும் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுகளில் இரைப்பைதான் வெகுகாலம் முன்வரிசையில் நின்றது. பிறகு அதன் விகிதம் மெல்ல இறங்கி வந்திருக்கிறது. எந்த இரத்தப் புரதமும் அதை இறக்கவில்லை. நம் மண்ணைப் பற்றிப் பேச ஆசைப்பட்டவர், நாற்பதாண்டுப் பதிவேடு கையெட்டும் தூரத்தில் இருக்க, அதிலிருந்து ஓர் எண்ணைக்கூட எடுக்கவில்லை. ஏன்? அங்கே விற்பதற்கு ஒன்றும் இல்லை.

விற்பது என்ற சொல் தானாக வந்துவிட்டது, தள்ளிப்போடாமல் சொல்லிவிடுகிறேன். கட்டுரையின் இறுதியில் அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு, அதைச் செய்யத் தகுதியுள்ள ஆய்வகத்தின் இலக்கணம், அரசு எப்படி 'தனியார் பங்களிப்போடு' இதை மாவட்டம்தோறும் கொண்டுபோகலாம் என்ற திட்டம், எல்லாம் இருக்கின்றன. அறிவியல் பகுதியில் தென்படாத துல்லியம் இந்தப் பகுதியில் பளிச்சிடுகிறது. நான் எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை, கட்டுரையாளரும் சொல்லவில்லை. பொண்ணு யாரென்று சொல்லாமல் சீர்வரிசையை மட்டும் விலாவாரியாகப் பேசும் தரகரை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். காப்பீட்டுப் பணம் கடல் அல்ல. ஆயுள் அட்டைக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்தோ எடுக்கப்படும் ரூபாய்: ஒருவேளை எண்டோஸ்கோப்பியிலிருந்து, ஒருவேளை டிராஸ்டுசுமாபிலிருந்து. 2014இல் இந்தியத் தயாரிப்பு வந்து அந்த மருந்தின் விலை கொஞ்சம் இறங்கியதற்கே எத்தனை வருஷம் காத்திருந்தோம் என்பது எங்களுக்குத் தெரியும்.

கட்டுரையாளருக்கு என் ஒரே கேள்வி இது: உங்கள் ஐந்தில், புரதம் அல்லாத ஒன்றையும் சேர்த்தே சொல்லுங்கள், ஏதேனும் ஒன்றின் அளவைப் பார்த்து மருத்துவர் நாளைக் காலை வேறு விதமாகச் செய்ய வேண்டியது என்ன? ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டால், அடுத்த இதழில் இதே பக்கத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.

அதுவரை, செஞ்சி, திண்டிவனம், மலையனூர்ப் பக்கம் எண்டோஸ்கோப்பி செய்யும் மருத்துவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வயிற்றில் சந்தேகமான புண்ணைப் பார்த்தால் மூன்றோடு நிறுத்தாமல் ஆறு துணுக்காவது எடுங்கள். பத்து சதவீத பஃபர் ஃபார்மலினில் போடுங்கள். எடுத்த தேதியோடு நேரத்தையும் குப்பிமேல் எழுதுங்கள். ஃபார்மலின் ஊற்றிய குப்பிகள் என்னிடம் தயாராக இருக்கின்றன. ஆள் அனுப்பினால் போதும், காசு வேண்டாம்.